"கொஞ்ச நாளைக்கு வீட்டில் வைத்திருங்கள்": ஒரு வசனத்தின் வரலாறு



கடந்த வாரம் ஒரு தாய் எங்களிடம் வந்திருந்தார். மகனுக்கு எட்டு வயது. போன தவணை முடிவதற்கு முன்பே வேறொரு பாடசாலையில், "கொஞ்ச நாளைக்கு வீட்டில் வைத்திருங்கள், பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடிதம் இல்லை. விடுகைப் பத்திரம் இல்லை. வரவு இடாப்பில் பெயர் அப்படியே இருக்கிறது, பிள்ளை மட்டும் வகுப்பில் இல்லை. "எத்தின நாள் எண்டு அவங்க சொல்லல்ல சேர். நானும் கேக்கப் பயந்துட்டு வந்துட்டன்" என்றார் அந்தத் தாய்.

அவருக்கு முன்னால் நாங்கள் நல்லவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். உண்மையில் இந்த வசனத்தை எங்களில் பலரும் ஒரு முறையாவது சொல்லியிருக்கிறோம். கடித்தான், மேசையைத் தள்ளினான், வகுப்பை விட்டு ஓடினான் என்று காரணம் எப்போதும் இருந்திருக்கிறது. யாரும் கேள்வி கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

செயலமர்வுகளுக்குப் போனால் 'நடத்தை ஆதரவுத் திட்டம்' என்று ஒரு படிவத்தைப் பற்றிச் சொல்லித்தருவார்கள். விசேட தேவையுடைய பிள்ளை குழப்படி செய்தால் அதை நிரப்ப வேண்டும். பெரும்பாலும் அது கோப்புக்குள் போய்விடும். அந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான், அது இந்த ஒரு வசனத்தை எதிர்த்துப் பிறந்தது என்பது விளங்கியது. கதை நடந்தது அமெரிக்காவில். ஆனால் வாசித்துப் பாருங்கள், நமது ஊர்க் கதை மாதிரியே இருக்கும்.

1893ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரம். ஹார்வார்ட் பல்கலைக்கழகம் இருக்கும் அதே ஊர். அங்கே ஒரு பிள்ளையைப் பாடசாலைக் குழு வெளியே அனுப்பியிருந்தது. அறிவு வளர்ச்சி குறைவு, விசித்திரமான சத்தம் போடுகிறான், மற்றப் பிள்ளைகளைக் கிள்ளுகிறான், தன்னைத் தானே சுத்தமாக வைத்திருக்கத் தெரியாது. குற்றச்சாட்டு இவ்வளவுதான். வழக்கு மாநிலத்தின் அதியுயர்ந்த நீதிமன்றம் வரை போனது. யாரை வைத்திருப்பது, யாரை அனுப்புவது என்பதைப் பாடசாலைக் குழுவே தீர்மானிக்கலாம் என்று தீர்ப்பாகியது. கிள்ளியதற்கு ஏன் கிள்ளினான் என்று எவரும் கேட்கவில்லை.

1919இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் இன்னொரு சிறுவன். பிறப்பிலிருந்தே உடல் முடக்கம், பேச்சு திக்கும், வாயில் எச்சில் வடியும். படிப்பில் மட்டும் குறையில்லை, வகுப்போடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தவன். குழப்படியும் இல்லை. ஆனாலும் அவனைப் பார்ப்பது ஆசிரியருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் மனச்சோர்வைத் தருகிறது, அவனுக்கு ஆசிரியரின் நேரம் கூடுதலாகப் போகிறது என்று பாடசாலை சொன்னது. மாநில உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 'நேரம் கூடுதலாகப் போகிறது' என்ற அந்தக் காரணத்தை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் சுட்டது. ஆசிரியர் அறையில் நாங்கள் தினமும் சொல்லும் காரணம் அது.

இந்தக் கதவு திறக்க ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆனது. 1954இல் கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையரின் பாடசாலைகளிலிருந்து பிரித்து வைப்பது தவறு என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசேட தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோர் அதைக் கவனித்தார்கள். நிறத்துக்காக ஒதுக்குவது தவறென்றால் எங்கள் பிள்ளைகளை ஒதுக்குவது மட்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டார்கள். பென்சில்வேனியாவில், மனவயது ஐந்தை எட்டாத பிள்ளையைப் பாடசாலை சேர்க்காமல் விடலாம் என்று சட்டமே இருந்தது. பெற்றோர் சங்கம் வழக்குப் போட்டது. அவர்களுக்காக வாதாடிய சட்டத்தரணி தோமஸ் கில்ஹூலின் சொந்தச் சகோதரரே பென்ஹர்ஸ்ட் என்ற பெரிய விடுதியில் அடைக்கப்பட்டு வாழ்ந்தவர். 1971 ஒக்டோபரில் மாநில அரசு இணக்கத்துக்கு வந்தது.

அடுத்த வருடம் தலைநகர் வாஷிங்டனில் ஏழு பிள்ளைகளின் வழக்கு. அதில் முதலாவது பெயருக்குரியவன் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன், பராமரிப்பு இல்லமொன்றில் வாழ்ந்தவன். நான்காம் தரத்தில் இருந்தபோது 'நடத்தைப் பிரச்சினை' என்று அதிபர் எழுதிக் கொடுத்த ஒரே வார்த்தையில் வெளியேற்றப்பட்டவன். காசு இல்லை என்று கல்வித் திணைக்களம் சொன்னது. நீதிபதி ஜோசப் வாடி அதை ஏற்கவில்லை. காசு போதாதென்றால் அந்தக் குறையை எல்லாப் பிள்ளைகளும் பங்கிட வேண்டும், ஒரு பகுதிப் பிள்ளைகளின் தலையில் மட்டும் போடக்கூடாது என்பது 1972 ஓகஸ்ட் தீர்ப்பின் சாரம். அந்தக் கட்டளையில் எங்களை நிறுத்தி வைத்த இன்னொரு விடயமும் இருந்தது. ஒழுக்கக் காரணத்துக்காக ஒரு பிள்ளையை இரண்டு நாளுக்கு மேல் நிறுத்துவதானால் முறையாக விசாரணை வைக்க வேண்டும். இரண்டு நாள்! நாங்கள் ஒரு தவணையையே ஒரு வாய்ச்சொல்லில் முடித்திருக்கிறோம்.

1975 நவம்பர் 29இல் ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் கையொப்பமிட்ட சட்டம் இதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. அமெரிக்கக் காங்கிரஸ் அப்போது சொன்ன கணக்குப்படி 80 இலட்சத்துக்கு மேற்பட்ட விசேட தேவையுடைய பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி இல்லை, 10 இலட்சம் பேர் பொதுப் பாடசாலைக்கு முற்றாக வெளியே. இனி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் எழுத வேண்டும், பெற்றோரும் அதில் உட்கார வேண்டும் என்று சட்டம் சொன்னது. செலவில் 40 வீதம் வரை மத்திய அரசு தரும் என்றும் சொன்னார்கள். அந்த 40 இன்றுவரை வரவில்லை. காசு விடயத்தில் எல்லா அரசாங்கங்களும் உறவுக்காரர்கள்தான்.

முன்கதவு திறந்தது. ஆனால் பின்கதவு பூட்டப்படவில்லை. ஊனம் என்று சொல்லி அனுப்ப முடியாவிட்டால் குழப்படி என்று சொல்லி அனுப்பலாமே.

1980 நவம்பர் 6, சான் பிரான்சிஸ்கோ. நீதிமன்ற ஆவணங்களில் 'ஜோன் டோ' என்ற மாற்றுப் பெயரில் வரும் 17 வயது மாணவன். உடல் தோற்றம், பேச்சு, அழுக்கான உடை என்று முதலாம் தரத்திலிருந்தே கேலிக்கு ஆளானவன். அவனது கல்வித் திட்டத்திலேயே, இவனால் சிறிய ஏமாற்றத்தைத்தான் தாங்க முடியும், அதற்கு மேல் போனால் வெடித்துவிடுவான் என்று எழுதியிருந்தது. சண்டை பிடிக்காமல் சமாளிக்கப் பழக்குவது திட்டத்தின் ஒரு நோக்கம். அன்று ஒருவன் அவனைச் சீண்டினான். இவன் அவன் கழுத்தை நெரித்தான், காயம் வந்தது. அதிபரிடம் கூட்டிப் போகும்போது யன்னலை உதைத்து உடைத்தான். ஐந்து நாள் இடைநிறுத்தம். பிறகு, நிரந்தரமாக விலக்கும் விசாரணை முடியும் வரை இடைநிறுத்தம் தொடரும் என்று தாய்க்கு அறிவித்தார்கள். முடிவுத் திகதி இல்லை.

யோசித்துப் பாருங்கள். இவன் இப்படிச் செய்வான் என்று பாடசாலையே எழுதி வைத்திருந்தது. எழுதியபடியே நடந்ததும் அவனை வெளியே போட்டது.

இந்த வழக்கு எட்டு வருடம் ஓடி, அந்நேரத்தில் கலிபோர்னியாவின் கல்வி அத்தியட்சகராக இருந்த பில் ஹோனிக்கின் பெயரால் 'ஹோனிக் எதிர் டோ' என்று பிரபலமானது. 1988 ஜனவரி 20இல் நீதியரசர் வில்லியம் பிரெனன் எழுதிய தீர்ப்பு, 6க்கு 2 என்ற பெரும்பான்மை. கருத்து வேறுபாடு இருந்தால் அது தீரும் வரை பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று 1975 சட்டம் சொல்கிறது. ஆபத்தான பிள்ளை என்றால் விதிவிலக்கு உண்டு என்று பாடசாலைகள் வாதாடின. காங்கிரஸ் அப்படி ஒரு விதிவிலக்கை எழுதவில்லை, வேண்டுமென்றே எழுதவில்லை என்றது நீதிமன்றம்.

அப்படியானால் மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பு? இதைக் கேட்கும் பெற்றோரைக் கல் நெஞ்சுக்காரர் என்று சொல்ல மாட்டோம். கடி வாங்கிய பிள்ளையின் வாப்பா பாடசாலை வாசலில் வந்து நிற்கும்போது அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதே தீர்ப்பு அவருக்கும் வழி வைத்தது. பத்து நாள் வரை பாடசாலை இடைநிறுத்தலாம். உண்மையில் ஆபத்து தொடருமென்றால் நீதிமன்றத்திடம் போய் நிரூபித்து உத்தரவு வாங்கலாம். தானாக, முடிவுத் திகதி இல்லாமல் மட்டும் அனுப்ப முடியாது.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை மிச்சம் இருந்தது. பிள்ளை வகுப்பில்தான் இருக்கும், சரி. நாளை காலையில் அந்த வகுப்பில் ஆசிரியர் என்ன செய்வது? நீதிமன்றம் அதைச் சொல்லித்தராது.

அந்தப் பதில் வேறொரு இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அது தொடங்கிய விதம் அழகானதல்ல. 1960களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அறையும் மின்னதிர்ச்சியும் கொடுத்துப் பழக்கினார். 1965இல் 'லைஃப்' சஞ்சிகை அதைப் படங்களோடு போட்டது. நிற்க வேண்டியது நடத்தை, அது நின்றால் போதும் என்பது அந்தக் காலத்து எண்ணம். இதை வாசித்து முகம் சுளிக்கும் முன் நமது பிரம்பையும் நினைத்துக்கொள்வோம். "கண் ரெண்டயும் விட்டுட்டு மிச்சத்த உரிச்செடுங்க சேர்" என்று பிள்ளையை ஒப்படைத்த ஊர் நமது ஊர். கருவி வேறு, எண்ணம் ஒன்று.

1982இல் பால்டிமோரில் பிரையன் இவாட்டாவும் அவரது குழுவும் வேறு மாதிரி ஆராய்ந்தார்கள். தங்களைத் தாங்களே அடித்தும் கடித்தும் காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை எடுத்தார்கள். ஒரு நேரம் வேலை கொடுத்தார்கள், காயப்படுத்தியதும் வேலையை நிறுத்தினார்கள். இன்னொரு நேரம் பெரியவர் பக்கத்தில் தன் பாட்டில் வாசித்துக்கொண்டிருப்பார், காயப்படுத்தினால் மட்டும் வந்து "வேண்டாம் மகன்" என்கிற மாதிரிக் கவனிப்பார். ஒரு நேரம் தனியே விட்டார்கள், ஒரு நேரம் விளையாட விட்டார்கள். ஒன்பதில் ஆறு பேரிடம் ஒரு குறிப்பிட்ட நிலைமையில்தான் அது கூடியது. எல்லோருக்கும் ஒரே நிலைமையிலும் அல்ல. வெளியிலிருந்து பார்க்க ஒரே தலையடிதான். ஒருவனுக்கு அது வேலையிலிருந்து தப்பும் வழி, இன்னொருவனுக்கு ஒருவரைப் பக்கத்தில் கூப்பிடும் வழி.

1985இல் எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும் இதை வகுப்பறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். நான்கு பிள்ளைகள். வேலை கடினமென்று குழப்புபவனுக்கு 'எனக்கு விளங்கவில்லை' என்று சொல்லப் பழக்கினார்கள். கவனிப்புக்காகக் குழப்புபவனுக்குத் தன் வேலை நன்றாக இருக்கிறதா என்று கேட்கப் பழக்கினார்கள். குழப்படி குறைந்தது. அடித்து நிறுத்தவில்லை, அதன் இடத்தில் ஒரு சொல்லை வைத்தார்கள்.

நடத்தை ஆதரவுத் திட்டத்தின் உயிர் இவ்வளவுதான். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் அதற்கு என்ன கிடைத்தது என்று கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதுவது. சில நாட்களில் ஒரு கோலம் தெரியும். பிறகு முன்னால் நடப்பதை மாற்றுவது, அதே தேவைக்கு நல்ல வழியொன்றைப் பழக்குவது, பழைய வழி பலிக்காமல் பார்ப்பது.

1997 ஜூன் 4இல் ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட திருத்தச் சட்டத்தில்தான் நீதிமன்றப் பாதையும் இந்த ஆராய்ச்சிப் பாதையும் சேர்ந்தன. இடைநிறுத்தம் பத்து நாளைத் தாண்டினால் காரணத்தை ஆராய வேண்டும், திட்டம் எழுத வேண்டும், அந்தச் செயல் பிள்ளையின் இயலாமையால் வந்ததா என்று கூடிப் பார்க்க வேண்டும். ஆயுதமோ போதைப்பொருளோ என்றால் 45 நாள் வரை வேறிடத்தில் வைக்கலாம். 2004இல் பாரிய உடற்காயமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது, பாடசாலைகளின் கை கொஞ்சம் ஓங்கியது. அமெரிக்கா இதில் வென்றுவிட்டது என்று சொல்ல வரவில்லை. கறுப்பினப் பிள்ளைகளும் விசேட தேவையுடைய பிள்ளைகளும் அங்கு இன்றும் மற்றவர்களை விடக் கூடுதலாக இடைநிறுத்தப்படுகிறார்கள்.

இப்போது நமது பக்கம். இரத்மலானையில் மேரி சாப்மன் அம்மையார் செவிப்புலன், விழிப்புலன் இழந்தோருக்கான பாடசாலையை 1912இல் தொடங்கினார். இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அமெரிக்காவில் அந்தத் திருத்தம் வந்த அதே 1997இன் நவம்பரில் நமது கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி வந்தது. 5 முதல் 14 வயது வரை, 2016இலிருந்து 16 வயது வரை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமது விதி பெற்றோரைப் பார்த்து 'பிள்ளையை அனுப்பு' என்கிறது. அவர்களது சட்டம் பாடசாலையைப் பார்த்து 'பிள்ளையைத் திருப்பி அனுப்பாதே' என்கிறது. எங்கள் பார்வையில், நாம் இன்னும் எழுதி முடிக்காத பாதி அதுதான்.

பிறகு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடற்தண்டனையைத் தடை செய்தது. சரியான சுற்றறிக்கை. ஆனால் பிரம்பை வாங்கிய கை, அதற்குப் பதிலாக எங்கள் கையில் எதையும் வைக்கவில்லை. கலாசாலையில் பாடத்திட்டமும் பாடக்குறிப்பும் எழுதப் படித்தோம். ஒரு பிள்ளை மேசைக்குக் கீழே போய் அலறும்போது என்ன செய்வது என்று படித்ததாக ஞாபகமில்லை. எங்கள் அனுபவத்தில், பிரம்பு இருந்த இடத்தில் "கொஞ்ச நாளைக்கு வீட்டில் வைத்திருங்கள்" வந்து உட்கார்ந்துகொண்டது. அது தழும்பு விடாது. அதனால் யாரும் முறைப்பாடும் செய்வதில்லை.

சில வருடங்களுக்கு முன் மூன்றாம் தரத்தில் எங்களிடம் ஒரு மகன் இருந்தான். இடைவேளை முடிந்து வந்தால் கொம்பஸ் பெட்டியை வீசுவான், பக்கத்துப் பிள்ளையைத் தள்ளுவான். ஒவ்வொரு முறையும் வெளியே நிற்க வைத்தோம். வருடத்தின் பாதி போய்விட்டது. பிறகுதான் மூன்று நிரல் போட்டு எழுதினோம். கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொல்லும்போதுதான் பெட்டி பறந்தது. வெளியே நின்றால் எழுத வேண்டியதில்லை. நாங்கள் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவன் கேட்ட பரிசு. ஐந்து வரியை இரண்டாக்கினோம். பலகைக்குப் பதிலாக அவன் மேசையில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். களைத்தால் மேசையில் வைக்க ஒரு சிவப்பு அட்டை கொடுத்தோம், வைத்தால் கொஞ்ச நேரம் ஓய்வு. முதல் வாரம் அட்டையை வைத்தே நாளை ஓட்டினான், கள்ளன். அடுத்த மாதம் ஒரு பிள்ளையைக் கடித்தும் விட்டான். ஆனால் பெட்டி பறப்பது குறைந்தது, வருட முடிவில் கொப்பியில் எழுத்து இருந்தது. நாங்கள் செய்ததில் பெரிய அறிவு எதுவும் இல்லை. பாதி வருடம் தாமதமாகச் செய்தோம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெற்றோருக்கு ஒன்று. "கொஞ்ச நாள்" என்று யாராவது சொன்னால், எங்களையும் சேர்த்துத்தான், எத்தனை நாள் என்று கேளுங்கள். திகதியோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். திரும்பி வரும் அன்று வகுப்பில் என்ன மாறியிருக்கும் என்றும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. எழுதச் சொன்னாலே பல 'கொஞ்ச நாள்'கள் இரண்டு நாளாகச் சுருங்கிவிடும். பதில் கிடைக்காவிட்டால் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் போய்ப் பாருங்கள். வீட்டிலும் ஒரு கொப்பி எடுத்து, பிள்ளை எப்போது குழம்புகிறது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று எழுதி வாருங்கள். வகுப்பில் நாங்கள் காணாததை நீங்கள் காண்கிறீர்கள்.

அந்த ஜோன் டோவுக்கு என்ன ஆனது? கீழ் நீதிமன்றத்தின் உத்தரவால் 1980 டிசம்பர் 15இல் வகுப்புக்குத் திரும்பினான். அதற்குள் 24 பாடசாலை நாட்கள் போயிருந்தன. உயர் நீதிமன்றம் தீர்ப்பு எழுதிய 1988இல் அவனுக்கு 24 வயது. பாடசாலை வயது தாண்டிவிட்டதால் அவனைப் பொறுத்தவரை வழக்கு காலாவதியாகிவிட்டது என்று அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறது. கூட வழக்கில் இருந்த இன்னொரு மாணவனுக்கு 20 வயது, இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருந்தது. அந்த ஒரு வருடத்தால்தான் வழக்கையே விசாரிக்க முடிந்தது.

மேலே சொன்ன தாயின் மகன் திங்கட்கிழமை எங்கள் பாடசாலைக்கு வருகிறான். வகுப்பில் ஏற்கெனவே 36 பேர். சத்தம் அவனுக்கு ஒத்துவராது என்று உம்மா சொன்னார், அதனால் யன்னல் பக்கம் கடைசி மேசையை ஒதுக்கியிருக்கிறோம். கொப்பியில் மூன்று நிரல் கீறி வைத்தாயிற்று.